தனபாலின் நேரடிப் பதிவு

அக்கா மகன் கல்யாணத்தில் தனபால் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாவது பந்தியில் அவர் பாயசத்துக்காகக் காத்திருந்தபோதுதான் மனைவி கோகிலவாணி கவனித்தாள். பாதி இலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். "இப்பத்தான உக்காந்தேன், அதுக்குள்ள எழுப்பறியே" என்று வீடு வரும்வரை அவர் முனகிக்கொண்டே வந்தார். அவர் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு பந்தியும் அவர் ஞாபகத்தில் ஏறவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சரவணம்பட்டி ஆய்வகத்தில் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த இலக்கியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். தப்பு அவளுடையது.

தனபால் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மூளைக்காய்ச்சல் வந்து, உயிரை விட்டுவிட்டு ஞாபகத்தை எடுத்துக்கொண்டு போனது. பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. கல்யாண நாள், பட்டறையின் மின் இணைப்பு எண், எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எல்லாம் சொல்வார். ஆனால் புதிதாக எதுவும் ஒட்டவில்லை. காலையில் குடித்த காப்பி பத்து மணிக்கு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அந்த ஆய்வகம் ஒரு சில்லு செய்திருந்தது. வலது காதின் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு குண்டுமணி அளவுக்கு இருக்கும். ஆகவே எல்லாரும் அதைக் குண்டுமணி என்றே சொன்னார்கள். பரிசோதனையில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள். காய்ச்சல் வந்த வருடமே தனபாலும் அதில் சேர்ந்துவிட்டார். குண்டுமணிக்குள் எது எங்கே, எந்த வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருள் இலக்கியாவின் பொறுப்பு.

"சாதாரண நாள்ல ஒண்ணும் குத்தமில்லைங்க அம்மிணி. கூட்டம்னாத்தான் காலை வாரிருது" என்றார் தனபால்.

"அது அப்படித்தாங்ணா. உள்ள இருக்கறது ஃபிளாஷ் மெமரி. அதுல எழுதின எடத்துலயே திருப்பி எழுத முடியாது. ஒரு எழுத்தை அழிக்கணும்னாலும் பலகை மொத்தத்தையும் துடைக்கணும். அதனால எழுதறது மெதுவான வேலை. முன்னாடி ஒரு காத்திருப்பு அறை வெச்சிருக்கோம். நீங்க பாக்கறது, கேக்கறது எல்லாம் பத்து நிமிஷம் அதுல இருக்கும். அப்புறம் ஒண்ணு சேர்த்து எழுதுவோம்."

தனபால் மனைவியைப் பார்த்தார். கோகிலவாணி கொஞ்சம் யோசித்தாள்.

"இட்லித் தட்டு மாதிரிங்களா? ஒரு இட்லிக்காக அடுப்பு பத்த வெக்க மாட்டோம். தட்டு நெறையட்டும்னு இருப்போம்."

"அதேதாங்க்கா."

"கல்யாணத்துல மாவு வழிஞ்சு கீழ போயிருச்சு."

"ஆமாங்க்கா. தட்டு பத்தலை."

"இவருக்குத் தட்டு மட்டுமா பத்தலை" என்றாள் கோகிலவாணி. தனபால் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் கிளம்பும்போது கோகிலவாணி வாசலில் நின்று குரலைத் தணித்துச் சொன்னது சிரிக்கும்படி இல்லை. "போன மாசம் பால் அடுப்புல வெச்சிருக்காரு. அந்நேரம் பாத்து போன் வந்திருக்குது. வாசல்ல யாரோ வந்திருக்காங்க. அடுப்பு மறந்தே போச்சு. நான் மொளகாய்த் தூள் அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா வீடெல்லாம் பொகை. அன்னையிலிருந்து இவரை விட்டுட்டு நான் தெருமுனை தாண்டறதில்லைங்க அம்மிணி."

அந்தப் புகைதான் இலக்கியாவை வேலைக்கு உட்கார வைத்தது. காத்திருப்பு அறையே இல்லாமல் நேராக எழுதும் வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது ஆமை. ஒவ்வொரு ஞாபகத் துண்டுக்கும் அப்போதுதான் இடம் தேடப் போகும். ஒன்று எழுதி முடிக்கும்வரை அடுத்தது வாசலில் நிற்கும். அளவு பொருந்தாத துண்டு வந்தால், போ என்று காத்திருப்பு அறைக்கே திருப்பி அனுப்பிவிடும். மனிதர்களின் வாழ்க்கையில் அளவு பொருந்தி வருவது மிகக் குறைவு என்பதால், அனேகமாக எல்லாமே திரும்பிப் போனது. இலக்கியா நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். காலியிடத்தை முன்கூட்டியே துடைத்துத் தயாராக வைத்தாள். ஒரு வாசலை எட்டு வாசல் ஆக்கினாள். பொருந்தாத துண்டுகளையும் அப்படியே வாங்கிக்கொள்ளச் செய்தாள். கடைசியில் எழுதும் வேகம் ஒன்பது மடங்கானது. ஆய்வகத் தலைவர் அருமைநாயகம் அந்த எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதி, அழிக்காதீர்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் வைத்தார்.

முதலில் ஆறு பேருக்கு நேரடிப் பதிவைப் போட்டார்கள். அதில் ஒருவர் தனபால். மறுவாரம் வந்தவர், வரும் வழியில் பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நின்றது, யார் ஏறினார்கள், கண்டக்டர் யாரோடு சண்டை போட்டார் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெம்ப நாளைக்குப் பொறகு ஒரு நாள் முழுசா ஒரு நாளா இருந்துச்சுங்க" என்றார். அன்று மாலை இலக்கியா தனக்குத் தானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கோகிலவாணி தனியாக வந்தாள். சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"அம்மிணி, எனக்குப் பழைய மனுசனையே திருப்பிக் குடுத்துருங்க."

"என்னாச்சுங்க்கா?"

"நேத்து காலையில துண்டை எடுத்துக் குடுத்துட்டு, 'ஏனுங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க'ன்னு சாதாரணமாத்தான் சொன்னேன். மனுசன் எந்திரிச்சு நின்னு, 'பதினாலாந் தேதி ஏழு இருவதுக்கு இதையே சொன்ன. கல்லுகிட்டச் சொல்லியிருந்தாக்கூட கேட்டிருக்கும்னு சேத்துச் சொன்ன. பதினேழாந் தேதி கல்லை எடுத்துட்டு எருமைன்னு போட்ட'ங்கறாரு. தேதி, நேரம், நான் நின்ன எடம், எல்லாம் சொல்றாரு. எண்ணி வெச்சிருக்காராம். மூணு வாரத்துல நூத்தி எட்டு தடவை திட்டியிருக்கனாம். அர்ச்சனை முடிஞ்சுது, தீபாராதனை எப்பன்னு கேக்கறாரு."

இலக்கியா சிரித்துவிட்டாள். கோகிலவாணி சிரிக்கவில்லை.

"முன்னெல்லாம் இப்படி இல்லீங்களே. நான் திட்டுவேன். கொஞ்ச நேரத்துல மனசு கேக்காது, போய்ச் சமாதானமாப் பேசிருவேன். அவருக்குச் சமாதானம் மட்டுந்தான் ஞாபகம் இருக்கும்."

இலக்கியாவுக்குச் சட்டென்று புரிந்தது. இதை அவள் நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை எழுத வந்தால், காத்திருப்பு அறை முந்தியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிந்தியதை மட்டும் உள்ளே அனுப்பும். வீண் எழுத்தை மிச்சப்படுத்தும் சின்னத் தந்திரம் அது. கணபதியில் ஒரு வீட்டில் அது நான்கு வருடமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

"மாவு தட்டுல இருக்கறப்ப வழிச்சுட்டு வேற ஊத்தலாம். இப்ப ஊத்தின உடனே வெந்துருது" என்றாள் இலக்கியா மெதுவாக.

"தெரியுமுங்க" என்றாள் கோகிலவாணி. "எனக்கு முன்னாலயே தெரியும்."

சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்குள் நடந்தது முகத்தில் தெரிந்தது.

"மொத வருசமே கண்டுபுடிச்சுட்டேன். எதைச் சொன்னாலும், பத்து நிமிசத்துக்குள்ள அதே பேச்சை எடுத்து வேற மாதிரி முடிச்சுட்டா, முன்னாடி சொன்னது போயிருது. 'உங்கக்கா முறுக்கு பல்லை ஒடைக்குது'ம்பேன். அப்பறம், 'அக்கா முறுக்கு மொறுமொறுன்னு இருந்துச்சு'ன்னுருவேன். அது நின்னுக்கும். வேற யாருகிட்டப் போய் நான் பேசறதுங்க? அம்மாகிட்டச் சொன்னா அழுகும். பக்கத்து வீட்டுல சொன்னா ஊருக்கே தெரியும். இவருகிட்டச் சொன்னா, நல்லாக் கேட்டுக்குவாரு, ஆமாம்பாரு, இல்லைம்பாரு, பதில்கூடச் சொல்லுவாரு. பத்து நிமிசத்துல எல்லாம் போயிரும். மனசும் லேசாயிரும். அதுக்கு நான் பழகிட்டேன்."

"இப்ப எல்லாம் நிக்குதேன்னு..."

"முறுக்கு நின்னாப் பரவால்லீங்க." விரலில் சுற்றிய சேலை நுனியை அவள் அவிழ்த்தாள். "நீங்க மாத்தி வெச்சது எனக்குச் சரியாப் புரியறதுக்கு முன்னால, அந்த ஏழாந் தேதி சாயங்காலம், சமையக்கட்டுல நின்னு, எங்கயாச்சும் கண்ணு காணாத எடத்துக்குப் போயிரலாம்னு இருக்குதுன்னு சொல்லிட்டேன். ஒடம்பு முடியலை அன்னைக்கு. வழக்கம்போல கொஞ்ச நேரங்கழிச்சுப் போயி, 'உங்களை விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்'னும் சொன்னேன். ஆனா ரெண்டுமே நின்னிருக்குமல்லங்க? துண்டு, முறுக்கு, எருமைன்னு எல்லாத்தையும் சொல்லிக் காட்டறாரு. இதை மட்டும் ஒரு தடவைகூட எடுக்கலை. அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

அடுத்து இலக்கியா செய்தது செய்யக் கூடாத காரியம். ஆய்வகத்தால் யாருடைய ஞாபகத்தின் உள்ளடக்கத்தையும் பார்க்க முடியாது. எது எப்போது எழுதப்பட்டது, எத்தனை முறை திரும்ப எடுக்கப்பட்டது என்ற எண்கள் மட்டும் தெரியும். அந்த எண்களையும் வெளியாருக்குக் காட்டக் கூடாது. ஒரு அவசரத்தில் அவள் திரையைத் திருப்பி வைத்துவிட்டாள். தனபால் தன் ஞாபகத்திலிருந்து அதிகம் திரும்ப எடுத்த துண்டு பதினொரு விநாடி நீளம். ஏழாம் தேதி, மாலை ஆறு நாற்பது. எடுத்தது நாற்பத்து மூன்று தடவை.

கோகிலவாணி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போய்விட்டாள்.

இலக்கியா அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள். நேரடிப் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்றாள்.

"ஒன்பது மடங்கும்மா! அதுல ஏதாவது பிழையா?"

"பிழை இல்லை சார். அதுதான் பிரச்சினை. அந்தக் காத்திருப்பு அறை வேகத்துக்காக வெச்சதுன்னு நினைச்சோம். அது மறைச்சு வைக்கவும் செஞ்சிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி நாம யாரையும் கேக்கலை."

"யாரைக் கேக்கணும்மா?"

"அதுதான் சார் எனக்கும் தெரியலை. ஞாபகம் அவரோடது. பேச்சு அவங்களோடது."

அருமைநாயகம் கெட்ட மனிதர் இல்லை. நிறுத்துவதென்றால் தனபாலே கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும், வீட்டுக்காரி கேட்டால் போதாது என்று விதியை எடுத்துச் சொன்னார். இலக்கியா தனபாலுக்குப் போன் போட்டு, ஒரு சோதனை இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றாள்.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். தனபால் சலவை செய்த சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். கோகிலவாணி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இரவு தூங்காதது தெரிந்தது. இலக்கியா கையெழுத்துத் தாளை மேசையில் வைத்து, பழைய முறைக்கே மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டாள். எண்களைக் காட்டிய தப்பையும் சேர்த்தே ஒப்புக்கொண்டாள். ஏழாம் தேதி என்றதும் தனபால் நிமிர்ந்தார்.

"ஓ, அதுங்களா? அதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். நாப்பத்து மூணா? இன்னும் எச்சா, அம்பதுக்கு மேலயே இருக்கும்னு நெனச்சேன்."

"ஏனுங்க, என்னை மன்னிச்சு..." என்று ஆரம்பித்தாள் கோகிலவாணி.

"இரு, இரு. அம்மிணி, நீங்களே கேளுங்க. இந்த நாலு வருசத்துல இவ என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதா என்ர ஞாபகத்துல இல்லீங்க. எந்நேரமும் சிரிச்ச மொகம், நல்ல பேச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மா மாதிரி. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நாளுக்கு அஞ்சு தடவை சண்டை. பட்டறை வரைக்கும் கேக்கும். அப்ப நான் என்ன நெனச்சேன்? சரி, இவ நம்மளை மனுசனாவே எண்ணறதில்லை, நோயாளின்னு முடிவு பண்ணிட்டா, எரக்கப்பட்டு சோறு போடறான்னு. அதை எப்படிங்க வாயைத் திறந்து கேக்கறது? நேரடியா எழுத ஆரம்பிச்ச மொத நாளே கழுதைன்னா. எனக்கு உசுரு வந்துருச்சுங்க."



"அப்ப ஏழாந் தேதி?" என்று இலக்கியா கேட்டாள்.

"அதுல ஒரு சிக்கலுங்க. கண்ணு காணாத எடத்துக்குப் போயிரலாம்னு இருக்குதுன்னு சொல்லி முடிக்கறா. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்றா. கரெக்டா அந்நேரம் பாத்துக் குக்கர் விசில் அடிச்சிருச்சு. தனியான்னாளா, துணையான்னாளான்னு தெரியலை. அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். விசில்தான் கேக்குது." அவர் மனைவி பக்கம் திரும்பினார். குரல் இப்போது விளையாட்டாக இல்லை. "என்ன சொன்ன கோகிலா?"

துணையா என்று சொல்லிவிடலாம். கேட்டவருக்கும் சந்தோஷம், சொல்கிறவளுக்கும் நிம்மதி. ஆனால் இப்போது சொல்வது எதையும் பத்து நிமிடம் கழித்து வந்து மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"தனியா" என்றாள் கோகிலவாணி. "தனியான்னுதான் சொன்னேன்."

தனபால் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் மடியில் இருந்த மஞ்சள் பையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் அதற்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார்.

"அப்ப நான் போட்டது சரிதான். ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கேன்."

பெண்கள் மட்டும் போகும் ஒரு சுற்றுலாக் குழு. கோயம்புத்தூரிலிருந்து சிரபுஞ்சி. பத்து நாள்.

"சிரபுஞ்சியா? அங்க என்னத்துக்குங்க?"

"நீதான கண்ணு காணாத எடம்ன? அக்கா மகன்கிட்ட விசாரிச்சேன். அங்கதான் மேகம் எறங்கி, பக்கத்துல நிக்கற ஆளே கண்ணுக்குத் தெரியாதாம்."

கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வராமல், புரையேறியது. இலக்கியா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் கோகிலவாணி கேட்ட முதல் கேள்வி, "அடுப்பை யாரு பாக்கறது?" என்பதுதான்.

"நான்தான். இப்பத்தான் பத்த வெச்சது மறக்கறதில்லையே. அம்மிணி, அந்தப் பழைய முறைத் தாளு வேண்டாமுங்க. எடுத்து உள்ள வைங்க."

இலக்கியா எடுத்து வைத்தாள். ஆனால் விஷயத்தை அப்படியே விடவில்லை. நேரடிப் பதிவு வேண்டுமா, பழைய முறை வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், கூட இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அருமைநாயகத்தோடு இரண்டு வாரம் வாதாடி எழுதி வாங்கினாள். அறுபத்தொரு பேரில் நாற்பது பேர் நேரடிப் பதிவு கேட்டார்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்கள். மீதி ஒன்பது பேர் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் போனார்கள். அவர்கள் வீடுகளில் அந்தப் பத்து நிமிடப் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று இலக்கியா யோசித்துப் பார்ப்பதுண்டு.

கோகிலவாணி புறப்பட்டுப் போன பதினோராம் நாள், மாதச் சோதனைக்காகத் தனபால் தனியாக பஸ் ஏறி வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது. கையில் சின்னதாக ஒரு சூட்டுத் தழும்பு. மற்றபடி நன்றாக இருந்தார்.

"அக்கா வந்தாச்சுங்களாண்ணா?"

"எங்கீங்க! பத்து நாள்னு போனவ, குழுவோட இன்னும் மூணு நாள் சேத்துக்கறேங்கறா. ஏதோ வேருலயே பாலம் கட்டியிருக்காங்களாம். இந்த வயசுல மூவாயிரம் படி எறங்கிப் பாத்தாளாம். இன்னொருக்காப் பாக்கணுமாம்." அவர் குரலில் புகாரும் பெருமையும் கலந்திருந்தது. "குரலே மாறிப்போச்சுங்க. சின்னப் புள்ள மாதிரி பேசறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தனபால் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "திட்டிட்டேன். நாலு வருசத்துல மொதத் தடவை. நான் இங்க வெந்ததும் வேகாததுமா தின்னுக்கிட்டிருக்கேன், உனக்குப் பாலம் கேக்குதான்னு நல்லாக் கேட்டுவிட்டேன்."

"அவங்க?"

"சிரிச்சாளுங்க. அப்பறம் மூக்கை உறிஞ்சினா. அப்பறம் மறுபடி சிரிச்சா."

இலக்கியா சோதனைக் கருவியை அவர் காதருகே வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. தனபால் எழுந்திருக்கவில்லை. எதையோ கேட்க வந்து தயங்குவது போலிருந்தது.

"அம்மிணி, குண்டுமணி இல்லாதவங்க இருக்காங்களே, உங்களையாட்டம், அவளையாட்டம். இந்த மாதிரி ஒரு திட்டை அவங்க எத்தனை நாளைக்கு ஞாபகம் வெச்சிருப்பாங்க?"

எந்தச் சில்லு எத்தனை ஆண்டு தாங்கும், எத்தனை ஆயிரம் முறை எழுதினால் தேயும் என்று இலக்கியாவிடம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இதற்கு இல்லை.

"தெரியலைங்ணா. உறுதியாச் சொல்ல முடியாது."

தனபால் அதை யோசித்தார். பிறகு மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படீன்னா ஒண்ணு பண்றேன். எதுக்கும் வந்து எறங்கினதும் இன்னொருக்காத் திட்டிடறேன்."